ஒரு நூல் அளவு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து ஜனங்கள் வீடு திரும்புகிற நேரத்துக்கு, ஜோகுபாளையத்தில் எங்கள் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. அந்த மணி எனக்குத் தெரியும். பாதி அடித்ததும் தொண்டை கட்டிக்கொள்ளும். நான் அடுப்படியில் இருந்தபடியே, வழக்கம்போல என் வீட்டுக்காரரிடம், "வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் காபியை ஆற்றத் தொடங்கினேன்.

வந்தது அந்தச் சைக்கிள்தான். அதை ஓட்டி வந்தவர் ஞானம் அண்ணன் இல்லை, அவர் மகன் ஆரோக்கியம். சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். அது சரிந்து விழுந்தது. எடுக்காமலே நின்றார்.

"அப்பா போயிட்டாருங்க அத்தை. பூசைக்குன்னு சட்டை மாட்டிக்கிட்டு இருந்தாரு. பொத்தான் போட்டுக்கிட்டே உக்காந்தாரு. அவ்ளோதான்."

என் கையில் ஆற்றின காபி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு அவர் வீட்டார் சின்னதாக ஒரு புத்தகம் அச்சடிக்கிறார்கள். தெரிந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எழுதித் தர வேண்டும் என்று அவர் சம்சாரம் லூர்தம்மா என்னையும் கேட்டார். நான் மூன்றாவது வகுப்போடு நின்றவள். ஆனால் எனக்கு எதுவும் மறக்காது. நல்லதும் மறக்காது, மற்றதும் மறக்காது. என்னிடம் கேட்டால் நடந்ததைத்தான் எழுதுவேன் என்றேன். "அதுக்குத்தான் அண்ணி கேக்கறேன்" என்றார்.

திரு. ஞானப்பிரகாசம் அவர்கள் நீலசந்திராவில் குடியிருந்தார். தண்டில், பட்டாளத்துக்காரர் வட்டாரத்தில், ஒரு துப்பாக்கிக் கடையில் ரிப்பேர் வேலைக்குச் சேர்ந்தார்; பிற்பாடு விற்பனையும் அவர் பொறுப்பே ஆயிற்று. உயரமானவர். குனிந்தே பேசுவார். சத்தமாக ஒரு பேச்சு பேசி நான் கேட்டதில்லை. துப்பாக்கி விற்கிறவருக்கு இவ்வளவு மெல்லிய குரல் எதற்கு என்று முதல் நாளே நினைத்தேன்.

அந்த முதல் நாளைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் வேலாயுதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒரு வெள்ளைக்காரத் துரைக்குக் கார் ஓட்டினார். துரைக்கு வேட்டைப் பைத்தியம். கடைத் தோட்டா அவருக்குப் பிடிக்காது. சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூட்டைச் சுத்தம் பண்ணி, அடியில் நெருப்புப் பிடிக்கிற புதுக் கேப்பு வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை உட்கார வைத்துத் தாமே தோட்டா செய்துகொள்வார். குண்டை அதிகம் உள்ளே தள்ளாமல் நீளமாக விட்டுவைப்பார். குழலுக்குள் வெட்டியிருக்கும் சுருள் வரிகளுக்குக் கிட்டே குண்டின் மூக்கு இருந்தால்தான் அது கோணாமல் போகும் என்பது அவர் கணக்கு. நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததும் துரை கப்பலேறினார். ரைபிளைத் தம்மோடு கொண்டுபோனார். தோட்டா செய்கிற கைப்பிடி மிஷினையும், கூடு, குண்டு, மருந்து டப்பா எல்லாவற்றையும் என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

இவருக்கு சர்க்கார் ஆபீசில் டிரைவர் வேலை கிடைத்தது. பயிரைக் காக்க என்று துப்பாக்கி லைசென்சும் வாங்கினார். பிறகு மிஷினைச் சமையல் பலகையில் திருகி மாட்டினார். கைப்பிடியை அழுத்துகிற வேலை எனக்கு. அவருக்கு ஒரு நாள் அழுத்தம் கூடும், ஒரு நாள் குறையும். என் கை மாறாது. துரை விட்டுப்போன மாதிரித் தோட்டாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே நீளத்துக்கு ஒவ்வொன்றாக உட்கார வைத்தேன். டப்பா நிறையத் தோட்டா சேர்ந்தது. துப்பாக்கிதான் இல்லை.

"ஊர்ல எல்லாரும் பாத்திரத்துக்கு மூடி தேடுவாங்க. நீங்க மூடிய செஞ்சு வச்சுக்கிட்டுப் பாத்திரம் தேடுறீங்க" என்றேன்.

"அப்போ நீயும் வா. மூடி செஞ்சவ நீதானே?"

அப்படித்தான் நான் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். மருந்தும் கேப்பும் இல்லாமல், வெறும் கூட்டில் குண்டை மட்டும் வைத்து, மற்றவற்றின் நீளத்துக்கே ஒன்று செய்து எடுத்துப் போனோம். எங்கள் வீட்டில் அதற்கு ஊமைத் தோட்டா என்று பெயர். வெடிக்காது. அளவு பார்க்க மட்டும்.

துரையோடு போய்வந்து இவருக்கு முன்பே பழக்கமான ஞானம் அண்ணன் அதை வாங்கி வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். "நல்லா இருக்கே. யார் கை?"

"வீட்ல" என்றார் இவர்.

"தங்கச்சி கையா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அன்றைக்கு வைத்த முறை. அதற்கப்புறம் நான் என்ன செய்தும் அவர் அதை மாற்றவில்லை.

மூன்று ரைபிள்களை எடுத்து வைத்தார். மூன்றும் ஒரே வகைத் தோட்டா போடுகிறவைதான். ஆனால் ஒன்றின் தொண்டை, வரி தொடங்குமுன் குண்டு நிற்கிற இடம், குட்டை; ஒன்றின் பெட்டி, தோட்டாக்களை அடுக்குகிற அறை, குட்டை. கடைத் தோட்டா போடுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. எங்கள் மாதிரி நீளமாகச் செய்கிறவர்கள்தான் பார்க்க வேண்டும் என்றார்.

முதல் ரைபிளில் ஊமைத் தோட்டா பெட்டிக்குள் போயிற்று, ஆனால் அதைக் குழலுக்குள் தள்ளி மூடுகிற போல்ட் மூடவில்லை. குண்டின் மூக்கு வரியில் இடித்தது. "பலவந்தமா மூடினா மூடும். ஆனா சுடாம திறந்தீங்கன்னா குண்டு குழல்லயே மாட்டிக்கும், கூடு மட்டும் வெளிய வரும், மருந்தெல்லாம் கொட்டும். இது வேணாம்" என்று எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

இரண்டாவதில் எல்லாம் சரியாக இருந்தது. பெட்டியிலும் தாராளம், போல்ட்டும் வெண்ணெய் மாதிரி மூடியது. "வேலு, இது உங்க தோட்டாவுக்குன்னே பொறந்தது. கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்குங்க" என்றார்.

ஆனால் தோளில் வைக்கிற அதன் மரக்கட்டை விரிசல் விட்டு, பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தது. நான் சிரித்துவிட்டேன். "கண்ணை மூடிக்கிட்டுத்தான் எடுக்கணும். கால் ஒடிஞ்ச கட்டிலுக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருக்குது" என்றேன். இவரும் சிரித்தார். கடையில் இன்னும் யாரோ சிரித்தார்கள். ஞானம் அண்ணன் சிரிக்கவில்லை. கம்பியைத் தடவிப் பார்த்து, "கட்டு பலமாத்தான் இருக்குது தங்கச்சி" என்றார்.

மூன்றாவது ரைபிளை இவர் கையிலெடுத்ததுமே எனக்குத் தெரிந்துபோயிற்று. வாதுமைக் கட்டை, தேன் நிறம், பிடியில் இலை இலையாகச் செதுக்கல். பெண் பார்க்கப் போனவர் மாதிரி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். போல்ட் மூடியது. பெட்டிதான் கொஞ்சம் குட்டை. ஊமைத் தோட்டாவை அழுத்தினால் உள்ளே போகும், ஆனால் மூக்கு முன்சுவரில் உரசும்.

"உரசுதே வேலு."

"போகுதில்லே?"

"போகுது. ஆனா ஒண்ணு சுட்டா அந்த உதைப்புல பெட்டியில இருக்கிற மத்ததெல்லாம் முன்னால போய் முட்டும். ஈய மூக்கு நசுங்கும். நசுங்கினா மேல ஏறாது."

"அதுக்கு ஏதாவது வழி சொல்லுங்க. எனக்கு இதான் வேணும்."

அவர் அந்தக் கம்பி கட்டின ரைபிளை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, அந்த மெல்லிய குரலில் சொன்னார். "அப்படின்னா குண்டை இன்னும் ஒரு நூல் உள்ள தள்ளிடுங்க. மருந்தையும் கொஞ்சம் குறைச்சிடுங்க. போதும்."

ஒரு நூல். அவ்வளவுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து தையல் பெட்டியிலிருந்து வெள்ளை நூலில் ஓர் இழை எடுத்தேன். மிஷினில் குண்டைத் தள்ளுகிற திருகுக்கும் குண்டுக்கும் நடுவில் அந்த இழை பிடிபடுகிற இடத்தைப் பார்த்து, இழையை உருவிவிட்டு, அந்த இடைவெளி மூடும்வரை திருகை இறக்கினேன். எனக்குத் தெரிந்த நூல் அதுதான். டப்பாவில் இருந்த எல்லாவற்றையும் மறுபடி எடுத்து, குண்டைக் கழற்றி, மருந்தைக் குறைத்து, அந்த அளவுக்கே உட்கார வைத்தேன். ஊமைத் தோட்டாவையும் அப்படியே செய்து பெட்டியில் போட்டுப் பார்த்தோம். உரசல் நின்றிருந்தது. இவர் கட்டைக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே, "பாத்தியா, ஞானம் சொன்னா சொன்னதுதான்" என்றார்.

கனகபுரம் பக்கம் கேழ்வரகுக் கொல்லையில் பன்றி இறங்கி நாசம் பண்ணுகிறது என்று ஒரு குடியானவர் கூப்பிட்டிருந்தார். சாயங்காலம் இவரும் அந்தக் குடியானவரும் போனார்கள். கொல்லை ஓரத்திலிருந்து "ஹந்தி, ஹந்தி" என்று கன்னடத்தில் கத்துகிற சத்தத்தோடு பன்றி வெளியே வந்தது. முதல் குண்டு பட்டது. பட்ட பன்றி திரும்பியது. இவர் போல்ட்டை இழுத்துத் தள்ளினார். பாதியில் நின்றுவிட்டது. மறுபடி இழுத்தார், மறுபடி தள்ளினார். அதற்குள் அது வந்துவிட்டது. வலது தொடையை முட்டிவரை கிழித்துவிட்டது. குடியானவர்கள் தடியோடு ஓடி வந்திராவிட்டால் இன்றைக்கு இதை எழுதுகிறவள் வேறு மாதிரி எழுதியிருப்பாள்.

தர்மாஸ்பத்திரியில் கிடந்தார். என் நாத்தனார் பார்க்க வந்தாள், கையை வீசிக்கொண்டு. அவள் பெயரை இங்கே எழுத மாட்டேன். படித்தால் அவளுக்கே தெரியும். ஞானம் அண்ணன் செய்தி கேட்டு, நான் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்திருந்த நேரம் வந்தார். குடியானவர்கள் ரைபிளைச் சாக்கில் சுற்றி எங்கள் வீட்டில் போட்டிருந்தார்கள். கொல்லைப்புறம் கொண்டுபோய்ப் பத்திரமாகத் திறந்து, மாட்டிக்கொண்டிருந்த தோட்டாவை எடுத்தார். அதன் மூக்கு, சுத்தியால் தட்டின மாதிரி சப்பையாகிப் போயிருந்தது. கோட்டுப் பையிலிருந்து அளவுகோலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"தங்கச்சி, குண்டை உள்ள தள்ளினீங்கதானே?"

"தள்ளாம என்ன? நீங்க சொன்ன மாதிரி ஒரு நூல்."

"இது ஒரு நூல் இல்லியேம்மா."

"ஏன் இல்லை? இதோ, இந்த நூல்தான்" என்று தையல் பெட்டியைத் திறந்து காட்டினேன்.

அவர் அந்த நூற்கண்டைப் பார்த்தார். அளவுகோலைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மேஸ்திரிகளும் பட்டறைக்காரர்களும் ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்து அதில் ஒரு பங்கை நூல் என்பார்களாம். அவர் சொன்னது அந்த நூல். அரிசி நீளத்தில் பாதிக்கு மேல். நான் தள்ளினது தலைமுடி கனம். ஒன்றொன்றாகப் போட்டுப் பார்த்தபோது உரசவில்லை. நிறையப் போட்டு ஒன்றைச் சுட்டதும் முட்டிக்கொண்டது.

"எந்த நூல்னு நான் சொல்லலியே" என்றார். "ஒரு பொம்பளப் புள்ளைகிட்ட சொல்றமேன்னு எனக்குத் தோணலியே. அந்தக் கம்பி கட்டினதையே கையில திணிச்சிருக்கணும். தப்பு என்னுதுதாம்மா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமாம். உங்களாலதான்" என்றேன்.

என் வீட்டுக்காரர் காதிலும் அந்த நூல் விழுந்தது. மெக்கானிக்குகளோடு பழகினவர், அவருக்கு எந்த நூல் என்று தெரியும். நான் செய்து வைத்ததில் ஒன்றை எடுத்துப் பார்த்திருந்தால் போதும். அவர் கட்டைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். கம்பிக்கட்டைப் பார்த்துச் சிரித்தவள் நான். திருகை இறக்கினதும் என் கை. மூன்று பேர் சேர்ந்து செய்த காரியத்தில், ஒரு ஆள் முன்வந்து என்னுது என்றதும், முழுசாக அவர் தலையில் வைத்துவிட்டு நான் கையைத் துடைத்துக்கொண்டேன்.

கால் பிழைத்தது, ஆனால் முட்டி மடங்கவில்லை. பிரேக்கை மிதிக்க முடியாதவரை டிரைவர் வேலையில் யார் வைத்துக்கொள்வார்கள்? ஞானம் அண்ணன் தம் முதலாளியிடம் பேசி, கடையிலேயே உட்கார்ந்து துப்பாக்கி துடைக்கிற வேலையில் இவரைச் சேர்த்தார். அந்த வேலையில்தான் எங்கள் குடும்பம் நிமிர்ந்தது. ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் சைக்கிளில் நீலசந்திராவிலிருந்து வருவார். முதலில் புண்ணுக்குக் கட்டு மாற்ற வந்தார். புண் ஆறினபிறகு இவரைப் பிடித்துக்கொண்டு அல்சூர் ஏரிக்கரை வரை நடக்க வைக்க வந்தார். இவர் தடியோடு தனியாக நடக்கத் தொடங்கிய பிறகும் வந்தார்.

நான் காபி கொடுத்தேன். பண்டிகை என்றால் பலகாரமும் வைத்தேன். ஆனால் "வாங்க" என்று மட்டும் சொல்லவில்லை. வாசலில் மணி கேட்டால் உள்ளே திரும்பி, "வந்திருக்காங்க" என்பேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படிக்கு வெளியே நிற்பார். இவர் தடியை ஊன்றி எழுந்துபோய்க் கூப்பிட்டால்தான் உள்ளே வருவார். போகும்போது ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்துக் கேட்பார்.

"அடுத்த வாரம் வரலாமா தங்கச்சி?"

நான் தம்ளரைக் கழுவிக்கொண்டே, "வழி தெரியாதா என்ன?" என்பேன்.

இவர் என்னைத் திட்டியிருக்கிறார். "ஒரு வார்த்தை வாங்கன்னு சொன்னா உன் வாய் என்ன வெந்துடுமா?"

"வர்றவரு வந்துக்கிட்டுத்தானே இருக்காரு. அப்புறம் எதுக்கு வாங்க?"

"தப்பு யாருதுன்னு உனக்குத் தெரியாதா?"

"பன்னியுதா?"

"சாக்கு, விடு" என்று, போதும் என்பதைக் கன்னடத்தில் சொல்லிச் சலித்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

கடையில் நடந்ததை இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு யார் தோட்டாவைச் சொந்தமாகச் செய்கிறேன் என்று வந்தாலும், ஞானம் அண்ணன் ஒரு ஊமைத் தோட்டாவோடு விடமாட்டாராம். பெட்டி நிறைய எடுத்து வரச் சொல்வாராம். யாராவது நூல் என்றால், "மேஸ்திரி நூலா, தையல் நூலா?" என்பாராம். புதிதாக வந்தவர்கள் வேடிக்கை என்று சிரிப்பார்களாம். அவரும் கூடச் சிரிப்பாராம். அந்தக் கம்பி கட்டின ரைபிளைக் கடைசிவரை அவர் யாருக்கும் விற்கவில்லை. யாராவது கேட்டால், "அது வேலுவுக்குன்னு வச்சது" என்பாராம்.

என் மகள் கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவள் என்று நான் சத்திரத்து வாசலில் நின்று எல்லோரையும் "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டேன். கையை வீசிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்த நாத்தனாரைக்கூடக் கூப்பிட்டேன். ஞானம் அண்ணன் லூர்தம்மாவோடு வந்தார். கறுப்புக் கோட்டு, அவர் கல்யாணத்தில் போட்டதே. நான் "வாங்கண்ணி" என்று லூர்தம்மா கையைப் பிடித்தேன். அடுத்து அவர். என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் திரும்பிப் பன்னீர்ச் செம்பில் பன்னீர் இருக்கிறதா என்று பார்த்தேன். நிறைய இருந்தது. நான் திரும்பும்போது அவர் பந்தி நடக்கிற இடத்தில் போய் இலை போட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது எழுதும்போது தெரிகிறது. அவரை "வாங்க" என்று சொல்லிவிட்டால், அவர் தலையில் இருக்கிறதை இறக்க வேண்டும். இறக்கினால் அது எங்கே போகும்? என் கைக்குத்தான் வரும். அதற்குப் பயந்தேன். அவருக்கு அது தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். தெரிந்தும் சுமந்தார்.

கடைசி ஞாயிறும் வந்தார். மூச்சு வாங்கியது. வரலாமா என்று கேட்டார். நான் வழக்கமான பதிலைத்தான் சொன்னேன்.

ஆரோக்கியம் வந்து சொன்ன அன்றைக்கு நாங்கள் நீலசந்திராவுக்குப் போனோம். அத்தனை வருஷத்தில் அவர் வீட்டு வாசலில் நான் நின்றது அதுதான் முதல் தடவை. ஜனம் நிறைய. என்னைப் பார்த்தார்கள், தலையசைத்தார்கள், யாரும் வாங்க என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் சொல்லக் கூடாது. எனக்குத் தெரியாதா? ஆனாலும் அந்த வாசற்படிக்கு வெளியே, கூப்பிடாத வீட்டில் எப்படிக் கால் வைப்பது என்று நின்றேன். அங்கே நின்றபோதுதான், இத்தனை வருஷம் அவர் எங்கள் வாசலில் எப்படி நின்றிருப்பார் என்று தெரிந்தது. லூர்தம்மா உள்ளிருந்து எழுந்து வந்து, என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

அந்தக் கறுப்புக் கோட்டைத்தான் போட்டுவிட்டிருந்தார்கள். கையில் ஜெபமாலை. கோட்டின் கை ஓரத்தில் ஒரு நூல் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. என் கை தானாகப் போயிற்று. இழுத்து அறுத்து எடுத்தேன். விரலில் இருப்பதே தெரியவில்லை. அவ்வளவு மெல்லிசு.

ஓசூர் ரோடு கல்லறையில் எல்லோரும் மண் போட்டார்கள். ஆளாளுக்கு ஜெபம் சொன்னார்கள். எனக்கு அவர்கள் ஜெபம் தெரியாது. குனிந்து ஒரு பிடி மண்ணைப் போட்டு, "வாங்கண்ணா" என்றேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார், போகிறவரைப் பார்த்து வாங்க என்கிறாளே என்று. என் வீட்டுக்காரர் தடியை ஊன்றிக்கொண்டு பின்னால் நின்றார்.

"கேட்டிருக்கும்" என்றார்.

எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. எப்போதும் குனிந்து மெல்லப் பேசுகிற மனிதர். அவருக்குக் கேட்கிற மாதிரி நான் ஒரு நாளும் சொல்லவில்லையே. அதனால் இங்கே, பத்துப் பேர் படிக்கிற இடத்தில், சத்தமாகவே எழுதுகிறேன். வாங்கண்ணா. உள்ளே வாங்க.